பத்து சென்டில் நூறு வாழை: குமரி மாவட்டத்து விளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சென்ட் நிலத்தில் பத்து வாழை நிற்கும். ஆறரை அடிக்கு ஆறரை அடி விட்டு நட்டால் கணக்கு அப்படித்தான் வருகிறது. பத்து சென்டில் நூறு. வீட்டை ஒட்டி ஒரு துண்டு விளை (மேட்டுத் தோட்டம்), வற்றாத ஒரு கிணறு, காலையும் மாலையும் கொஞ்ச நேரம் இருந்தால் நூறு வாழையை ஒரே ஆள் பார்த்துக்கொள்ளலாம். நான் திருவட்டார் பக்கம் நாற்பது சென்டில் வாழை வைக்கிறேன். ஆள் பிடிப்பது குழி வெட்டவும் குலை சுமக்கவும் மட்டும்தான். இதை என் அளவு நிலம் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன். ஏக்கர் கணக்கில் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்துச் சொட்டுநீர்க் குழாய் விரிப்பவர்களின் கணக்கே வேறு.

வாழை வழிகாட்டி என்றால் ரகத்திலோ உரத்திலோ தொடங்குவது வழக்கம். நான் தேதியில் தொடங்குகிறேன். உரத்தைக் கூட்டினால் ஒரு குலையில் ஒரு கிலோ கூடலாம். நட்ட மாதம் தப்பினால் நல்ல குலையையும் பாதி விலைக்குத் தள்ள வேண்டிவரும், இல்லையென்றால் காற்றுக்குக் கொடுக்க வேண்டிவரும்.

முதலில் தேதி

ஏத்தன் வாழை (மற்ற மாவட்டங்களில் நேந்திரன்) நட்டு ஏழெட்டு மாதத்தில் குலை தள்ளும். தள்ளியதிலிருந்து ஏறக்குறைய 90 நாளில் வெட்டலாம். ஆக மொத்தம் பத்து, பதினொரு மாதம். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, விற்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

நமக்குப் பெரிய சந்தை ஓணம். அது ஆகஸ்ட் கடைசிக்கும் செப்டம்பர் நடுவுக்கும் இடையில் எங்காவது விழும். சிப்ஸ் போடுகிறவர்கள் இரண்டு மூன்று வாரம் முன்பே காய் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். ஓணம் முடிந்த மறுவாரம் அதே குலையைக் கேட்க ஆள் இருக்காது. எனவே ஆகஸ்டில் வெட்ட வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் நட்டாக வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் ஓணம் எந்த நாள் என்று பார்த்துக் காலண்டரில் குறித்துக்கொண்ட பிறகே நான் கன்று தேடப் போவேன்.

இதில் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று தண்ணீர். பேச்சிப்பாறை அணையை வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறந்து பிப்ரவரி கடைசியில் அடைக்கிறார்கள். அக்டோபரில் நட்ட வாழைக்கு மார்ச்சில் ஐந்து மாதம் முடிந்திருக்கும், தண்டுக்குள் குலை உருவாகிற சமயம். அன்றைக்குச் சானலில் (அணைக் கால்வாயில்) மண்தான் கிடக்கும். மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதத்துக்குச் சொந்தக் கிணறோ குழாய்க்கிணறோ இல்லாதவர்கள் ஓணத்து ஏத்தனை மறந்துவிடலாம். இரண்டாவது சிக்கல் காற்று. குலை தள்ளுவது மே, ஜூனில். தென்மேற்குப் பருவக்காற்று ஏறுவதும் அப்போதுதான். நல்ல விலைக்கான குலையை மோசமான காற்றுக்குள் மூன்று மாதம் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஓணத்து விலையில் ஒரு பங்கு அந்தத் தாங்குதலுக்கான கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பட்டம் ஏப்ரல், மே. கோடை மழையை நம்பி நட்டால் முதல் ஆறேழு மாதம் தண்ணீர் பாய்ச்சும் வேலை குறைவு. நவம்பர், டிசம்பரில் குலை தள்ளும், பிப்ரவரி, மார்ச்சில் வெட்டு. விலை சுமார். இதற்கு ஆபத்து வடகிழக்குப் பருவத்துப் புயல். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி வந்தபோது என் விளையில் நின்றது ஏப்ரலில் நட்ட ஏத்தன். குலை தள்ளி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் எல்லாம் ஒரே திசைக்குத் தலைசாய்த்துக் கிடந்தன, யாரோ வாரி விட்டதுபோல. முட்டுக் கொடுத்ததும் விழுந்தது, கொடுக்காததும் விழுந்தது. அப்படிப்பட்ட காற்றுக்கு வழி எதுவும் கிடையாது. சாதாரணக் காற்றுக்கு வழி இருக்கிறது, கீழே வருகிறேன்.

நூறு கன்று வைக்கிறவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் நட வேண்டாம் என்பது என் கருத்து. பாதியை ஓணத்துக்கு வையுங்கள். மீதியை மாதத்துக்கு இருபது, இருபத்தைந்தாகப் பிரித்து நட்டால் ஒரு காற்று மொத்தத்தையும் கொண்டுபோகாது.

எந்த வாழை

ஆங்கிலத்தில் பழத்துக்கு ஒரு பெயர், கறிக்கும் வறுவலுக்கும் ஆகிற மாவுக்காய்க்கு இன்னொரு பெயர். நமக்கு எல்லாமே வாழை. அந்த மாவுக்காய் வகையில் சேர்ந்ததுதான் ஏத்தன். காயாகவும் போகும், பழமாகவும் போகும், சிப்ஸுக்கும் போகும். மூன்று வாசல் இருப்பதால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதுதான் ஏற்றது. வேலையும் இதில்தான் அதிகம். சின்னப் பிள்ளையை வளர்ப்பதுபோலத் தினமும் பார்க்க வேண்டும்.

மட்டி நம் மாவட்டத்துப் பழம். 2023-இல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விரல் மாதிரிச் சிறிய காய், மெல்லிய தோல், பழுத்தால் வீடு முழுவதும் மணம். கைக்குழந்தைக்கு முதன்முதலாகப் பிசைந்து கொடுப்பதும் இதைத்தான். கல்குளம், விளவங்கோடு பக்கத்து மண்ணில் வருகிற மணம் வேறு இடத்தில் வருவதில்லை என்பார்கள். மட்டியை ஒருமுறை நட்டால் அடிக்கன்றை விட்டுவிட்டுச் சில ஆண்டு ஓட்டலாம். வெளியூருக்கு அனுப்பத் தோல் தாங்காது என்பதே இதன் குறை. உள்ளூர்ச் சந்தையும் பழக்கமான கடைக்காரரும் இருந்தால் ஒரு மூலையில் பத்து மட்டி நிற்கட்டும்.

செவ்வாழையை நம் பக்கம் செந்துளுவன் என்கிறோம். ஒரு குலைக்கு நல்ல காசு. ஆனால் நட்டதிலிருந்து வெட்ட ஒன்றேகால் ஆண்டுக்கு மேல் ஆகும், மரமும் உயரம். அத்தனை நாள் இரண்டு பருவக் காற்றையும் அது பார்த்தாக வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் நிலம் இருந்தால் செந்துளுவன் வேண்டவே வேண்டாம். முப்பந்தலில் காற்றாலை நிறுத்தியவர்கள் சும்மா நிறுத்தவில்லை.

பாளையங்கோட்டான் முரடு, எதையும் தாங்கும், விலையும் அதற்கேற்பத்தான். ரசகதலி ருசி, ஆனால் வாடல் நோய்க்கு முதல் பலி. பேயன், மொந்தன், சிங்கன் எல்லாம் வீட்டுத் தேவைக்கு ஒன்றிரண்டு.

கன்று வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. திருச்சிக்காரர் பூவன் என்று சொல்வது நம் பாளையங்கோட்டானை. எல்லை தாண்டிக் கேரளத்தில் பூவன் என்றால் அது ரஸ்தாளி. பெயரைக் கேட்டு வாங்காதீர்கள், தாய்வாழையில் குலை நிற்கும்போதே பார்த்து வாங்குங்கள்.

கன்றைத் தேர்ந்து தயார் செய்தல்

என் பெரிய நஷ்டம் ஒன்று கன்றிலிருந்து வந்தது. ஓர் ஆண்டு அவசரத்துக்கு ஒரு வியாபாரியிடம் லாரியில் வந்த அறுபது கன்று வாங்கினேன். பார்க்கக் கொழுகொழு என்று இருந்தன. நட்டு மூன்றாம் மாதம் சில கன்றின் குருத்து வாடியது. பிடுங்கி வெட்டிப் பார்த்தால் கிழங்குக்குள் விரல் நுழைகிற அளவு சுரங்கம், உள்ளே வெள்ளைப் புழு. கிழங்கு கூன்வண்டு. பழைய விளையிலிருந்து கன்றோடு கூடவே பயணம் வந்திருக்கிறது. பதினொரு கன்று போனது. அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் நடந்து போய்ப் பார்க்க முடிகிற விளையில் மட்டுமே கன்று எடுக்கிறேன்.

எடுக்க வேண்டியது ஈட்டிக் கன்று. இலை குறுகி வாள்போல நிற்கும், அடி பருத்து நுனி ஒடுங்கும். சின்ன வயதிலேயே அகல இலை விரித்து அழகு காட்டுகிற கன்று தண்ணிக்கன்று. அதில் கிழங்கு இருக்காது, குலையும் சிறுக்கும். மூன்று மாத வயது, கிழங்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருந்தால் சரி. எல்லாம் ஒரே அளவாக இருப்பதும் முக்கியம். அளவு மாறினால் குலை தள்ளும் நாளும் மாறி, ஓணத்துக் கணக்கு சிதறும்.

தோண்டிய கன்றின் தண்டை அரை அடி விட்டு வெட்டுங்கள். பிறகு கூர்மையான வெட்டுக்கத்தியால் கிழங்கின் வேரையெல்லாம் கழித்து, மேல்தோலை உருளைக்கிழங்கு சீவுவதுபோல மெல்லச் சீவுங்கள். வெள்ளையாக, சுத்தமாக வர வேண்டும். எங்காவது பழுப்புக் கோடோ, துளையோ, செம்புள்ளியோ தெரிந்தால் இன்னும் கொஞ்சம் சீவிப் பாருங்கள். கோடு உள்ளே போய்க்கொண்டே இருந்தால் அந்தக் கன்றைத் தூர எறியுங்கள். பாவம் பார்க்க வேண்டாம். சீவிய தோலையும் வேரையும் விளையிலேயே போட்டுவிடாமல் அப்புறப்படுத்துங்கள், நூற்புழுவும் வண்டின் முட்டையும் அதில்தான் இருக்கும்.

சீவிய கிழங்கைச் சாணமும் சாம்பலும் கரைத்த குழம்பில் முக்கி, மூன்று நான்கு நாள் வெயிலில் உலர்த்தி, பிறகு நிழலில் வைக்க வேண்டும். இரண்டு வாரம் வரை இருந்தாலும் கெடாது. இது ஏத்தனுக்குப் பழையவர்கள் செய்த முறை, இன்றும் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. திசு வளர்ப்புக் கன்றும் கிடைக்கிறது. நோய் இருக்காது, ஒரே சமயத்தில் குலை தள்ளும். முதல் இரண்டு மாதம் மட்டும் அதிகப் பக்குவம் வேண்டும், விலையும் கூடுதல்.

குழியும் நடவும்

ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் போடுங்கள். கல்குளம், விளவங்கோட்டுச் செம்மண்ணில் புளிப்பு அதிகம், அதனால் குழிக்கு அரைக்கிலோ நீற்றுச் சுண்ணாம்பு போட்டுக் கிளறி இரண்டு வாரம் ஆறவிட வேண்டும். நாஞ்சில் நாட்டு வயல் களிமண் என்றால் மண்ணைப் பரிசோதித்த பிறகு சுண்ணாம்பு பற்றி யோசியுங்கள்.

ஆறிய குழிக்குப் பத்துக் கிலோ மக்கிய சாணம், கால் கிலோ வேப்பம்பிண்ணாக்கு, மேல்மண் எல்லாம் கலந்து பாதி நிரப்பி, கிழங்கை நிமிர்த்தி வைத்து, தண்டு இரண்டு அங்குலம் வெளியே தெரியும்படி மண் அணைத்து மிதியுங்கள். தாய்வாழையிலிருந்து வெட்டிய தழும்பு எல்லாக் கன்றிலும் ஒரே பக்கம் பார்த்திருக்கட்டும். குலை அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளும் என்று அப்பா சொல்வார். என் விளையில் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. எல்லாக் குலையும் ஒரே பக்கம் வந்தால் முட்டுக் கொடுக்க எளிது.

அக்டோபர் நடவில் கவனம் வேண்டியது தண்ணீர் தேங்குவது. வடகிழக்கு மழை ஓர் இரவில் குழியைக் குளமாக்கிவிடும், கிழங்கு அழுகும். வயலில் நடுகிறவர்கள் இரண்டு வரிக்கு ஒரு வடிகால் வெட்டி, மேட்டில் நடுங்கள். கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுத்த ஏலாவில் (வயலில்) வாழை வைத்து, வாய்க்கால் எடுக்கச் சோம்பேறிப்பட்டு, பாதிக் கன்றை அழுகக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து வயல்காரரின் கும்பப்பூவுக்கும் (இரண்டாம் போக நெல்லுக்கும்) இடைஞ்சல் இல்லாமல் வடிகால் போக வேண்டும், இல்லாவிட்டால் வரப்புச் சண்டை தனி.

முதல் நான்கு மாதம்

இந்தக் காலத்தில் பெரிய வேலை இல்லை. மாதம் ஒரு களையெடுப்பு, லேசாக மண் அணைப்பு. வாழையின் வேர் மேலாகவே ஓடும், ஆழமாகக் கொத்த வேண்டாம். இடைவெளி காலியாகக் கிடப்பதால் கீரை, தட்டைப்பயறு, சிறுகிழங்கு போடலாம். நட்டவுடன் தட்டைப்பயறு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி மூடினால் அதுவே பசுந்தழை உரம். வெள்ளரி, பூசணி, பாகல் வேண்டாம். அவற்றிலிருந்து அசுவினி வழியாக வாழைக்கு நச்சுநோய் தொற்றும்.

பக்கக்கன்று தலைகாட்டினால் தரையோடு வெட்டிவிடுங்கள். குலை தள்ளும் வரை ஒன்றையும் விடக்கூடாது. கன்று அழகாக இருக்கிறதே என்று விட்டால் அது தின்பது தாயின் குலையை.

தண்ணீர் மழைக்காலத்தில் தானாக நடக்கும். கோடையில், சொட்டுநீர் இருந்தால் நான்காம் மாதம் வரை ஒரு வாழைக்கு நாளைக்கு 15 லிட்டர், ஐந்தாம் மாதத்திலிருந்து குலை தள்ளும் வரை 20, அதன்பிறகு 25. தடத்தில் பாய்ச்சுகிறவர்கள் மூன்று நாளுக்கு ஒருமுறை தடம் நிறையக் கொடுத்தால் போதும். உலர்ந்த இலை, தென்னை மட்டை, வேலிச் சீமைக்கொன்றைத் தழை, எது கிடைத்தாலும் அடியில் மூடாக்காகப் போடுங்கள். ஏப்ரலில் கிணறு இறங்கும்போது அதன் அருமை தெரியும்.

உரம்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தோட்டக்கால் ஏத்தனுக்குச் சொல்வது வாழை ஒன்றுக்குத் தழைச்சத்து 150 கிராம், மணிச்சத்து 90, சாம்பல்சத்து 300. கடையில் வாங்கும் கணக்கில் யூரியா சுமார் 325 கிராம், ராக் பாஸ்பேட் அரைக்கிலோவுக்குச் சற்றுக் குறைவு, பொட்டாஷ் அரைக்கிலோ. மணிச்சத்தை மூன்றாம் மாதமே முழுவதும் கொடுத்துவிடலாம். யூரியாவையும் பொட்டாஷையும் மூன்றாகப் பிரித்து மூன்று, ஐந்து, ஏழாம் மாதங்களில். ஒரு தவணைக்கு யூரியா 110 கிராம், பொட்டாஷ் 165 கிராம் வரும். அளக்க ஒரு சிரட்டையை வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை தராசில் நிறுத்து, மட்டம் வரும் இடத்தில் கரியால் கோடு போட்டுவிட்டால் நூறு வாழைக்கும் அதே அளவுதான்.

தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமாகத் தூவி, மண்ணால் மூடி, தண்ணீர் விடுங்கள். தண்டோடு ஒட்டிக் கொட்டினால் வேர் வேகும். சுண்ணாம்பும் யூரியாவும் ஒரே வாரத்தில் போனால் தழைச்சத்து காற்றோடு போய்விடும், இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும்.

நம் ஆட்கள் யூரியாவுக்கு மட்டும் தாராளம், பொட்டாஷுக்குக் கஞ்சத்தனம். இலை கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தண்டு இளகி, காற்றுக்கு முதலில் ஒடிவதும் வண்டு முதலில் தேடி வருவதும் அதைத்தான். காய் திரளுவது பொட்டாஷால். நுண்சத்துக்குத் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் பனானா சக்தி கலவை கிடைக்கிறது, பொட்டலத்தில் உள்ளபடி தெளிக்கலாம்.

ஐந்தாம் மாதம்: தண்டு வண்டு

ஏத்தன் வைக்கிறவர் காலண்டரில் சிவப்பில் வட்டம் போட வேண்டிய மாதம் இது. தண்டு கூன்வண்டு கறுப்பாக, நீண்ட மூக்கோடு, ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும். ஐந்தாம் மாதத்துக்குமேல் வாழைப்பட்டைக்குள் துளைபோட்டு முட்டை வைக்கும். புழு உள்ளேயே தின்று குருத்துத் தண்டு வரை போகும். வெளியே இலை பச்சையாக இருக்கும், குலையும் தள்ளும். ஒருநாள் சிறு காற்றில் நடுவில் ஒடிந்து விழும்போது காற்றைத் திட்டுவோம். ஒடிந்த இடத்தைப் பார்த்தால் உள்ளே அழுகி, சல்லடை போலிருக்கும்.

அதற்கு முன்பே பிடிக்க, வாரம் ஒருநாள் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஒவ்வொரு வாழையையும் சுற்றிப் பாருங்கள். தண்டில் இரண்டடி முதல் ஐந்தடி உயரத்துக்குள் குண்டூசி முனை அளவு துளை, அதிலிருந்து தேன்போல வழிந்து உறைந்த கோந்து தெரியும். முதலில் நிறமில்லாமல் இருக்கும், பிறகு பழுப்பாகும். நான் என்ன செய்வேன் என்றால், அந்த இடத்துப் பட்டையைக் கத்திமுனையால் சின்னக் கதவு மாதிரி மூன்று பக்கம் கீறித் திறப்பேன். பட்டைக்குள் தேன்கூடு போன்ற அறைகள் இருக்கும். அதில் ஒன்றில் காலில்லாத, மஞ்சள் கலந்த வெள்ளைப் புழு, செந்தலையோடு வளைந்து கிடக்கும். எடுத்து நசுக்கிவிட்டு, அந்த ஓட்டையில் வேப்பெண்ணெய் கலந்த களிமண்ணை அப்பி மூடிவிடுவேன். வெளிப்பட்டை இரண்டு மூன்றோடு நின்றிருந்தால் வாழை பிழைத்துவிடும். நடுத்தண்டு வரை போயிருந்தால் பிழைக்காது, அடியோடு வெட்டி விளைக்கு வெளியே கொண்டுபோய் நறுக்கி உலர்த்திவிடுங்கள்.

வண்டு ஒளிவது காய்ந்த பட்டைக்கும் தண்டுக்கும் இடையில். நான்காம் மாதம் முடிவிலிருந்தே காய்ந்த பட்டையையும் தொங்குகிற சருகையும் உரித்துத் தண்டைப் பளபளவென்று வைத்திருங்கள். சந்தையில் சருகு கேட்டு வருகிறவர்களும் உண்டு. அப்புறம் பொறி. வெட்டிய பழைய வாழைத்தடையை (அடித்தண்டை) ஓரடித் துண்டாக்கி, நெடுக்காகப் பிளந்து, வெட்டுவாய் தரையைப் பார்க்க ஆங்காங்கே கவிழ்த்து வையுங்கள். பத்து சென்டுக்கு நாலைந்து போதும். வாழைச்சாற்று வாசனைக்கு வண்டு வந்து ஒட்டிக்கொள்ளும், காலையில் புரட்டிப் பொறுக்கிக் கொல்லலாம். வெட்டுவாயில் பவேரியா பூஞ்சாணப் பொடியைத் தடவி வைத்தால் தப்பிப் போகிற வண்டும் நோய்பட்டுச் சாகும். தடை காய்ந்தால் மாற்ற வேண்டும்.

மற்ற நோய்கள் பற்றிச் சுருக்கமாக. இலை குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருக்கி நின்றால் அது முடிக்கொத்து. காம்பில் கரும்பச்சைக் கோடும் புள்ளியும் தெரியும். மருந்து கிடையாது. முதலில் வேப்பெண்ணெய் தெளித்து அசுவினியைக் கொன்று, பிறகு கிழங்கோடு பிடுங்கி அழியுங்கள். வரிசை மாற்றிச் செய்தால் அசுவினி பக்கத்து வாழைக்குக் குடிபோகும். ரசகதலியில் அடியிலை ஓரம் மஞ்சளாகி, காம்பு ஒடிந்து பாவாடை மாதிரித் தண்டைச் சுற்றித் தொங்கினால் வாடல் நோய். அந்தக் குழியில் மறுபடி ரசகதலி வைக்காதீர்கள், ஏத்தன் வைக்கலாம். மழைக்காலத்தில் இலையில் பழுப்புப் புள்ளி பரவினால் சிகடோகா. புள்ளி விழுந்த பகுதியை வெட்டி அப்புறப்படுத்துங்கள், மிஞ்சினால் புரோப்பிகோனசோல் லிட்டருக்கு 1 மில்லி, ஒட்டுப்பசையோடு. சந்தேகம் வந்தால் ஒரு இலைத்துண்டோடு திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கோ போய்க் காட்டுங்கள். உரக்கடையில் காட்டினால் மருந்தோடுதான் திரும்பி வருவீர்கள்.

மலையடிவாரத்து விளைகளில் காட்டுப்பன்றி தனிப் பிரச்சினை. கிழங்கைத் தோண்டிவிடும். வேலியும் தூக்கமில்லாத இரவும்தான் அங்கே வழி.

முட்டு

குலை தள்ளிய வாரத்திலேயே முட்டுக் கொடுக்க வேண்டும். காய் கனத்த பிறகு பார்க்கலாம் என்று விட்டால் ஜூன் முதல் மழையோடு வருகிற காற்று உங்களுக்காகக் காத்திருக்காது. காற்றாடிக் (சவுக்குக்) கம்போ மூங்கிலோ பன்னிரண்டு அடி நீளம். ஒரு கம்பைவிட இரண்டு கம்பைக் கத்தரிபோல மாட்டி, குலைக் கழுத்துக்குக் கீழே, குலை சாயும் பக்கத்திலிருந்து தாங்குவது நல்லது. கம்பு கழுத்தில் உரசும் இடத்தில் ஒரு சாக்குத்துண்டையோ சருகையோ வைத்துக் கட்டுங்கள், இல்லையென்றால் தோல் கிழிந்து அதிலேயே ஒடியும். கம்பின் அடி முக்கால் அடியாவது மண்ணுக்குள் இறங்க வேண்டும்.

கம்பு வாங்கக் காசு இல்லாதபோது கயிறு. எதிரெதிர் வாழைகளின் கழுத்தைப் பிளாஸ்டிக் வாரால் ஒன்றோடொன்று கட்டி, வரிசையின் இரு முனையிலும் குச்சி அடித்து இழுத்து நிறுத்தலாம். செலவு குறைவு. ஒன்று விழுந்தால் பக்கத்ததையும் இழுக்கும் என்பது இதில் உள்ள தொல்லை. நான் ஓரத்து இரண்டு வரிசைக்குக் கம்பும் நடுவே கயிறுமாக வைக்கிறேன், காற்று முதலில் அடிப்பது ஓரத்தைத்தான். ஒருமுறை வாங்கிய கம்பை மழையில் போடாமல் கூரைக்கடியில் வைத்தால் மூன்று வெட்டுக்கு வரும்.

பயிர்க் காப்பீட்டில் வாழையும் உண்டு. உங்கள் பிர்காவுக்கு அறிவித்திருக்கிறார்களா, கடைசித் தேதி எது என்று நட்டவுடன் விசாரித்து, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கிப் பதிந்துவிடுங்கள். காற்றடித்த மறுநாள் விசாரிக்கிறவர்கள்தான் அதிகம்.

குலையும் வெட்டும்

கடைசிச் சீப்பு விரிந்ததும் கூம்பை (வாழைப்பூவை) ஒரு சாண் விட்டு ஒடியுங்கள். காலையில் ஒடித்தால் கறை அதிகம் கொட்டும், சட்டை போகும், மதியத்துக்குமேல் நல்லது. கூம்பு அன்றைக்குத் துவரனுக்கு (பொரியலுக்கு) ஆயிற்று. கடைசிச் சீப்பில் காய் ஒழுங்கில்லாமல் இருந்தால் அதையும் கழித்துவிடலாம், மற்றது திரளும். குலை தள்ளும்போது வாழையில் எட்டுப் பத்து நல்ல இலையாவது இருக்க வேண்டும். இலைக்குக் காசு வருகிறதே என்று வாரம் ஒன்று அறுத்தால் குலை எடையில் அதைத் திருப்பிக் கொடுப்பீர்கள். காய்ந்த இலையால் குலையைப் பொதிந்து கட்டினால் வெயில் சுடாது, அணில் தொடாது, நிறமும் பளிச்சென்று வரும்.

முற்றியதை நாளை எண்ணிப் பாதி, விரலால் தொட்டுப் பாதி அறிய வேண்டும். இளங்காயின் விளிம்பு கத்திமுனை மாதிரி விரலில் தட்டும். முற்ற முற்ற அது மழுங்கி, காய் உருண்டு வரும். குலையின் நடுச்சீப்புக் காயைப் பிடித்துப் பார்க்க வேண்டும். மேல்சீப்பு முன்பே முற்றிவிடும், அதை நம்பி வெட்டினால் சந்தையில் "விளைச்சல் பத்தாது அண்ணாச்சி" என்று விலையைக் குறைப்பார்கள். சிப்ஸுக்குப் போவது நன்கு விளைந்த பச்சைக்காய். பழத்துக்கு, தூரம் போவதானால் நாலைந்து நாள் முன்பே வெட்டலாம்.

வெட்ட இரண்டு ஆள். ஒருவர் தண்டின் நடுவில் பாதி வெட்டு போட்டுச் சாய்க்க, மற்றவர் குலையைத் தோளில் வாங்க வேண்டும். தரையில் மோதிய காய் வெட்டிய அன்று தெரியாது, இரண்டு நாளில் அந்த இடம் கறுக்கும். காம்பு ஒரு சாண் விட்டு வெட்டி, கறை வடிய நிழலில் வாழையிலை மேல் நிறுத்துங்கள்.

விற்க வடசேரி கனகமூலம் சந்தை, மார்த்தாண்டம், கருங்கல், திங்கள்சந்தை எல்லாம் உண்டு. ஏத்தன் எடை போட்டுத்தான் போகும். குலைக்காம்புக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பதை வண்டி ஏற்றும் முன்பே பேசிவிடுங்கள். நூறு குலையை ஒரே நாளில் இறக்குகிறவனுக்கு விலை பேசும் பலம் இருக்காது. வாரத்துக்குப் பத்துப் பதினைந்தாக இரண்டு சிப்ஸ் கடைக்கு வாடிக்கையாகக் கொடுப்பது எனக்கு ஒத்துவருகிறது. முன்பே நடவைப் பிரித்திருந்தால்தான் இது நடக்கும். வீட்டில் பழுக்கவைக்கிறவர்கள் புகைபோடுங்கள், இல்லாவிட்டால் வைக்கோலில் மூடுங்கள். கார்பைடு கல் சட்டப்படி தடை, பழமும் வெளியே மஞ்சளாக உள்ளே காயாகத்தான் இருக்கும்.

குலை போன பிறகும் தண்டை அப்படியே நிறுத்தி வைக்காதீர்கள். மட்டி, பாளையங்கோட்டான் என்றால் குலை தள்ளியபின் விட்ட ஒரு கன்றை மட்டும் வைத்துக்கொண்டு, தாயை அடியோடு வெட்டுங்கள். ஏத்தன் என்றால் கிழங்கையும் தோண்டி எடுங்கள். உட்தண்டு வீட்டுக்கு வரட்டும், ஒரு துண்டு பக்கத்து வீட்டுக்கும் போகட்டும். மிச்சத் தடையை நெடுக்காகப் பிளந்து, வெட்டுவாய் வானத்தைப் பார்க்க வெயிலில் பரப்புங்கள். மூன்று நாளில் காய்ந்து வண்டு முட்டை வைக்க ஆகாமல் போய்விடும். நாலைந்து துண்டை மட்டும் காயவிடாமல் எடுத்து, அடுத்த நடவு நிற்கிற பக்கம் பொறியாகக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.